அயலூரில் உணவு உதவி



கோயம்புத்தூரிலிருந்து தென்மேற்காகச் சென்று தமிழ்நாட்டின் எல்லையைக் கடந்தால் வேலந்தாவளம் என்னும் சிற்றூரை அடையலாம். கேரள மாநிலத்தின் பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் வட்டத்தில் அமைந்த ஊர் அது. அதனைச் சுற்றியுள்ள கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி முதலிய ஊர்களில் தமிழ் பேசுவோர் மிகுதி. தாவளம் என்னும் சொல்லுக்குத் தங்குமிடம் என்பது பொருள். தங்குமிடம் என்றால் வழிப்போக்கர்க்கு முதலில் வேண்டுவது யாது? ஒரு வேளைச் சோறு அன்றோ? ஆதலின், பிழைப்பை நாடி வேற்று மாநிலம் சென்ற தமிழ் மக்கள் உணவு உதவியை எங்கே, எவ்வாறு பெறலாம் என்பதை இவ்வூரின் எல்லையில் நின்றே ஆராய்வோம்.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். பொள்ளாச்சிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து கணவனும் மனைவியும் இரண்டு குழந்தைகளுடன் எல்லை கடந்து வருகின்றனர். தென்னந்தோப்பு ஒன்றில் வேலை; தோப்பிலேயே ஒரு குடிசை. சொந்த ஊரில் மாதந்தோறும் ரேஷன் கடையில் விலையின்றி அரிசி வாங்கியவர்கள் அவர்கள். இங்கு வந்தபின் அரிசியைக் கடையில் விலைக்கு வாங்குகின்றனர். மழை பெய்து வேலை நின்றால் கடன். கடன் மிகுந்தால் குழந்தைகளின் தட்டில் அளவு குறைகிறது. அவர்களுடைய அட்டையோ பெட்டியின் அடியில் பத்திரமாக உறங்குகிறது! “அது நம் ஊர் அட்டை, இங்கே செல்லாது” என்பது அவர்களது எண்ணம். இந்த எண்ணம் முழுவதும் தவறு என்றும் சொல்வதற்கில்லை. முழுவதும் சரி என்றும் சொல்வதற்கில்லை. எவருக்கு அட்டை செல்லும், எவருக்குச் செல்லாது, செல்லாதவர்க்கு வேறு வழி யாது என்பதே இங்கு விளங்க வேண்டிய செய்தி.

அயலூரில் ஏழைக்குக் கிடைக்கும் உணவை மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது, எந்த அட்டையும் கேளாமல், குழந்தை என்பதற்காகவும் தாய் என்பதற்காகவும் கிடைக்கும் உணவு. இரண்டாவது, அட்டையின் பேரில் கிடைக்கும் தானியம். மூன்றாவது, அறம் கருதிப் பிறர் இடும் அன்னம். நம் மக்களிற் பலர் மூன்றாவதை முதலில் தேடுகின்றனர். அதனை ஏற்க நாணி, அதனையும் விட்டுவிடுகின்றனர். முதல் இரண்டும் பிச்சையல்ல. சட்டம் வழங்கிய உரிமைகள். இதனை மனத்திற் கொண்டால் பாதி வழி கடந்தவர் ஆவோம்.

உணவு எவ்வாறு உரிமையாயிற்று என்று நேயர்கள் கேட்கலாம். 2001ஆம் ஆண்டில் நாட்டின் தானியக் கிடங்குகள் நிரம்பி வழிந்தன. அதே காலத்தில் வறட்சி வாட்டிய பகுதிகளில் மக்கள் பட்டினி கிடந்தனர். இம்முரண்பாட்டைச் சுட்டி, மக்கள் சிவில் உரிமைக் கழகம் அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அவ்வாண்டு நவம்பர் 28ஆம் நாள் நீதிமன்றம் ஓர் இடைக்கால ஆணை பிறப்பித்தது. பள்ளிகளில் சமைத்த உணவு, குழந்தைகளுக்கான ஊட்டுணவு, மிக வறியோர்க்கான தானியம் ஆகிய திட்டங்களெல்லாம் அரசு விரும்பினால் தரும் சலுகைகளாக இருந்த நிலை மாறி, மக்கள் கேட்டுப் பெறத்தக்க உரிமைகளாயின. அதன் தொடர்ச்சியாக 2013ஆம் ஆண்டில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று நாம் பேசும் உதவிகளுக்கு அச்சட்டமே அடித்தளம்.

இனி முதல் வகையைப் பார்ப்போம். அயலூரில் குடியேறிய குடும்பம் முதலில் தேடிச் செல்ல வேண்டிய இடம் ரேஷன் கடையன்று; அங்கன்வாடியே. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் நாடெங்கும் இந்த மையங்கள் நடைபெறுகின்றன. நம் ஊரில் பால்வாடி என்று வழங்குவதும் இதுவே. ஆறு மாதம் நிரம்பிய குழந்தை முதல் ஆறு வயதுக் குழந்தை வரையில் இங்கு உணவு பெறலாம். மூன்று வயது முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு மையத்திலேயே சூடாகச் சமைத்த உணவு வழங்கப்படும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வீட்டிற்கு எடுத்துச் செல்லும் சத்துமாவு தரப்படும். கேரளத்தில் இம்மாவிற்கு அமிர்தம் நியூட்ரிமிக்ஸ் என்று பெயர். குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் இதனைத் தயாரிக்கின்றன. கருவுற்ற பெண்களும், குழந்தை பிறந்து ஆறு மாதம் வரையில் பாலூட்டும் தாய்மாரும் இவ்வுதவிக்கு உரியவர்களே.

இதில் அறிய வேண்டிய முக்கியமான செய்தி ஒன்றுண்டு. அங்கன்வாடியில் உணவு பெறும் உரிமை ரேஷன் அட்டையைச் சார்ந்ததன்று. குடும்பத்தின் சொந்த மாநிலம் எது, அட்டை எந்த நிறம் என்ற கேள்விகளுக்கு அங்கு இடமில்லை. அந்த மையத்தின் எல்லைக்குள் குழந்தை வாழ்கிறது என்பதே போதும். ஆயினும் மையத்தை நடத்தும் ஆசிரியை தம் பகுதியிலுள்ள குழந்தைகளைக் கணக்கெடுத்தே உணவுப் பொருள்களைப் பெறுகிறார். தோப்பின் நடுவே ஒரு குடிசையில் புதிதாக வந்து தங்கிய குழந்தையை அவர் எப்படி அறிவார்? ஆதலின், வந்த வாரத்திலேயே தாய் குழந்தையுடன் நேரிற் சென்று பெயரைப் பதிவு செய்து கொள்ள வேண்டும். சொந்த ஊரில் பெற்ற தாய் சேய் நல அட்டையோ, தடுப்பூசிக் குறிப்போ கையில் இருந்தால் அதனையும் கொண்டு செல்வது நலம்.

ஆறு வயது கடந்த குழந்தைக்குப் பள்ளிக்கூடமே அன்னசாலை. தமிழ்நாட்டில் காமராசர் ஆட்சியில் 1956ஆம் ஆண்டு முதல் மதிய உணவு பரவியதையும், 1982ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியதையும் நேயர்கள் நன்கு அறிவீர்கள். கேரளமும் 1980களில் இருந்தே தன் பள்ளிகளில் மதிய உணவு வழங்கி வருகிறது. மத்திய அரசின் திட்டம் 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கியது. இப்பொழுது அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் எட்டாம் வகுப்பு வரையில் படிக்கும் குழந்தைகள் அனைவர்க்கும் மதிய உணவு உரிமையாகும். அதுவும் எந்த மாநிலத்துக் குழந்தை என்று கேட்டு இடப்படும் உணவன்று.

“ஆண்டின் நடுவில் வந்து விட்டோம், மாற்றுச் சான்றிதழ் கையில் இல்லை, பள்ளியில் சேர்ப்பார்களா?” என்று பெற்றோர் தயங்குவதுண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இதற்கு விடை கூறுகிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டியோ, வயதுச் சான்று இல்லை என்று சொல்லியோ தொடக்கக் கல்விக்குரிய குழந்தையைச் சேர்க்க மறுத்தல் கூடாது. பாலக்காடு மாவட்டத்தின் எல்லைப் பகுதியில் தமிழ் வழியில் கற்பிக்கும் பள்ளிகளும் உள்ளன. பிள்ளையைத் தோப்பிலோ சூளையிலோ தம்முடன் வைத்துக் கொள்ளும் பெற்றோர், எழுத்தறிவோடு நாள்தோறும் ஒரு வேளை உணவையும் அப்பிள்ளைக்கு இழக்கச் செய்கின்றனர். இந்த இழப்பு கணக்கிற்கு வாராமலே போய்விடுகிறது.

இனி இரண்டாவது வகையாகிய அட்டைத் தானியத்துக்கு வருவோம். இங்கேதான் குழப்பம் மிகுதி. ஆதலின் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஏழைக் குடும்பங்களை இரண்டு வகையாக ஏற்றுள்ளது. ஒன்று, முன்னுரிமைக் குடும்பம். அதன் உறுப்பினர் ஒவ்வொருவர்க்கும் மாதம் 5 கிலோ தானியம் உண்டு. மற்றொன்று, மிக வறிய குடும்பங்களுக்கான அந்தியோதயா. 2000ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய இத்திட்டத்தில் குடும்பத்துக்கு மாதம் 35 கிலோ. முன்னர் இத்தானியத்துக்குச் சிறு விலை கொடுக்க வேண்டியிருந்தது. 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து இது விலையின்றி வழங்கப்படுகிறது. 2024ஆம் ஆண்டு ஜனவரி முதல் மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு இச்சலுகை நீட்டிக்கப்பட்டுள்ளது.

இத்தானியத்தைச் சொந்த ஊரில் மட்டுமே பெறலாம் என்பது பழைய நிலை. “ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை” என்னும் முறை 2019ஆம் ஆண்டு ஆகஸ்டில் நான்கு மாநிலங்களில் தொடங்கியது. கேரளம் 2020ஆம் ஆண்டு ஜனவரியிலும், தமிழ்நாடு அவ்வாண்டு அக்டோபரிலும் அதில் இணைந்தன. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்துக்குள் நாடு முழுவதும் அதில் அடங்கிற்று. இடையில் 2020ஆம் ஆண்டின் ஊரடங்குக் காலத்தில், அயல் மாநிலத் தொழிலாளர் உணவின்றி நெடுஞ்சாலைகளில் நடந்த காட்சி நாட்டின் மனச்சான்றை உலுக்கிற்று. 2021ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் உச்ச நீதிமன்றம், இம்முறையை ஜூலை 31க்குள் எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. வழிநடந்தோர் பட்ட துன்பம் பின்வந்தோர்க்கு ஒரு வழியை அமைத்துத் தந்தது எனலாம்.

இம்முறை செயற்படும் விதம் எளியது. அட்டையில் பெயருள்ள ஒருவர், தாம் இருக்கும் ஊரின் ரேஷன் கடைக்குச் சென்று, அட்டை எண்ணையோ ஆதார் எண்ணையோ கூற வேண்டும். கடையிலுள்ள கைரேகைக் கருவியில் விரலை வைக்க வேண்டும். அக்குடும்பத்துக்கு அம்மாதம் எவ்வளவு உண்டு, எவ்வளவு பெறப்பட்டுள்ளது என்பது கருவியிலேயே தெரியும். “வேறு மாநில அட்டை, ஒரே நாடு ஒரே அட்டை முறையில் அரிசி வேண்டும்” என்று சொன்னால் போதும். இதற்கெனத் தனி விண்ணப்பம் இல்லை, கட்டணமும் இல்லை. முழுப் பங்கையும் ஓரிடத்திலேயே வாங்க வேண்டும் என்பதும் இல்லை. தாய் தந்தையர் சொந்த ஊரில் இருந்தால், அவர்கள் அங்கே ஒரு பகுதியையும், வேலைக்கு வந்தவர் இங்கே ஒரு பகுதியையும் பெறலாம். ஒருவர் முழுவதையும் வாங்கிவிட்டால் மற்றவர்க்கு அம்மாதம் ஒன்றும் மிஞ்சாது என்பதை மட்டும் முன்னரே பேசி வைத்துக் கொள்ளுதல் நன்று.

சுண்ணாம்பிலும் சிமெண்டிலும் உழைத்துத் தேய்ந்த விரல்களைக் கருவி சில வேளை ஏற்பதில்லை. அதற்காக மனம் தளர வேண்டா. அட்டையில் ஆதார் இணைக்கப்பட்ட வேறொருவர் விரல் வைத்தாலும் போதும். ஆகவே குடும்பத்தார் அனைவருடைய ஆதார் எண்ணும் அட்டையுடன் இணைந்திருத்தல் இன்றியமையாதது. ஒவ்வோர் உறுப்பினரும் ஒருமுறை கைரேகை வைத்துத் தம்மை உறுதி செய்து கொள்ள வேண்டும் என்றும் இப்பொழுது கேட்கப்படுகிறது. ஊரை விட்டுப் பல மாதம் வெளியே இருப்போர் இதனைத் தவற விட்டால் பெயருக்கு இடையூறு நேரலாம். ஊருக்குச் செல்லும் பொழுதெல்லாம் ரேஷன் கடைக்கும் ஒரு நடை போய் விசாரித்து வருவது நல்லது.

இவ்வளவும் சொன்ன பிறகு, பலரும் அறியாத ஒரு நுட்பத்தைக் கூறியாக வேண்டும். தமிழ்நாட்டில் பொது விநியோகம் எல்லோர்க்கும் உரியது. 2011ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் அரிசி அட்டைதாரர்க்கு மாநில அரசு விலையின்றி அரிசி தருகிறது. இவர்களிற் பெரும்பகுதியினர் மத்தியச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவர். மற்றும் பலர் அப்பட்டியலில் இல்லாமல், மாநில அரசின் செலவிலேயே அரிசி பெறுபவர். சொந்த ஊரில் இருக்கும் வரையில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை. இருவரும் ஒரே வரிசையில் நின்று ஒரே அரிசியை வாங்குகின்றனர். வேலந்தாவளத்தைக் கடந்தவுடன் வேறுபாடு வெளிப்பட்டு விடுகிறது. மத்தியச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவரது உரிமை மட்டுமே எல்லையைக் கடக்கும். மாநில அரசு தன் கருணையால் தருவது மாநிலத்துக்குள்ளேயே நின்றுவிடும்.

நம் அட்டை எவ்வகையினது என்று அறிவது எங்ஙனம்? 2017ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்ட தமிழ்நாட்டு மின்னணுக் குடும்ப அட்டையில், ஆங்கில எழுத்துகளில் ஒரு குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். பி.எச்.எச். என்றோ, அதனோடு ஏ.ஏ.ஒய். என்றோ இருந்தால் அது முன்னுரிமை அல்லது அந்தியோதயா அட்டை. எந்த மாநிலத்திலும் செல்லும். அக்குறியீட்டின் முன்னால் “என்” என்ற எழுத்துச் சேர்ந்து என்.பி.எச்.எச். என்று தொடங்கினால் அது முன்னுரிமையற்ற அட்டை; அயல் மாநிலத்தில் அரிசி பெற அது உதவாது. ஊரை விட்டுப் புறப்படும் முன் இந்தச் சிறு எழுத்தைப் பார்த்துக் கொள்பவர், அயலூர்க் கடையின் வாயிலில் ஏமாந்து நிற்க மாட்டார். கடைக்காரர் மறுத்தாலும், மறுத்தது முறையா முறையற்றதா என்பதை அந்த எழுத்தே சொல்லிவிடும்.

முன்னுரிமையற்ற அட்டை உடையோர் என் செய்வது? சில மாதமே தங்கித் திரும்புவோராயின், ஊரில் உள்ள குடும்பத்தார் வழக்கம் போல அங்கேயே பெற்று வரட்டும். இடுக்கி மாவட்டத்தின் ஏலத் தோட்டங்களுக்குக் கம்பம், போடி முதலிய ஊர்களிலிருந்து காலையில் ஜீப்பில் ஏறிச் சென்று மாலையில் திரும்பும் தொழிலாளர்க்கும் இதுவே தக்க வழி. அவர்களது அட்டையை மாற்ற வேண்டுவதில்லை. விதவையர், உடற்குறையுடையோர் முதலிய வறிய குடும்பத்தார், தகுதியிருந்தும் முன்னுரிமைப் பட்டியலில் இடம்பெறாதிருந்தால், சொந்த வட்டத்தின் வழங்கல் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். அமைப்புசாராத் தொழிலாளர்க்கென 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் திறக்கப்பட்ட இ-ஷ்ரம் பதிவேட்டில் பெயரைச் சேர்த்துக் கொள்வதும் பயன் தரும். அவ்வாறு பதிந்தும் ரேஷன் அட்டை இல்லாதிருப்போர்க்கு அட்டை வழங்குமாறு 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களைப் பணித்தது.

கேரளத்திலேயே நிலையாகக் குடியமர்ந்து விட்டவர்கள் அங்கேயே அட்டை பெற முயல வேண்டும். ஒருவர் பெயர் இரண்டு அட்டைகளில் இருத்தல் கூடாது. ஆதலின் முதலில் தமிழ்நாட்டு அட்டையிலிருந்து பெயரை நீக்கி, நீக்கற் சான்று பெற்றுக் கொள்ள வேண்டும். பின்னர் அருகிலுள்ள அக்ஷயா மையத்தின் வழியாக விண்ணப்பித்தால், அது தாலுகா சப்ளை ஆபீசுக்குச் செல்லும். கேரளத்தில் அட்டைகள் நிறத்தால் அறியப்படுகின்றன. மஞ்சள் அட்டை அந்தியோதயா குடும்பத்துக்கு. இளஞ்சிவப்பு அட்டை முன்னுரிமைக் குடும்பத்துக்கு. நீல அட்டை முன்னுரிமையற்றோரில் மானியம் பெறுவோர்க்கு. வெள்ளை அட்டை ஏனையோர்க்கு. புதிதாக விண்ணப்பிப்போர் தம் வறுமை நிலையை உரிய சான்றுகளோடு கூறாவிடில், முன்னுரிமை அல்லாத அட்டையே கிடைக்கக் கூடும். பழைய அட்டை முன்னுரிமை அட்டையாக இருந்தால், புதியது எந்த நிறத்தில் வரும் என்பதை விசாரித்தறிந்த பின்னரே பெயரை நீக்குவது அறிவுடைமை. அவசரப்பட்டுக் கையில் உள்ளதையும் இழந்துவிடலாகாது.

எல்லைப் பகுதிக்கே உரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. ரேஷன் அரிசியை மூட்டை மூட்டையாக எல்லை கடத்தி விற்கும் கூட்டத்தார் பலமுறை பிடிபட்டுள்ளனர். அவர்கள் ஏழைகளிடம் சிறு தொகை கொடுத்து அரிசியை வாங்குகின்றனர். ரேஷன் அரிசியை விற்பதும், விற்பதற்காகக் கடத்துவதும் குற்றமாகும். உழைத்துப் பிழைக்க வந்தவர் சோதனைச் சாவடியில் பழி சுமக்க நேருதல் எவ்வளவு கொடிது! அட்டை எல்லையைக் கடக்கும் காலத்தில் அரிசியைச் சுமந்து எல்லை கடக்க வேண்டிய தேவையே இல்லை.

உரியவர்க்கு அரிசி மறுக்கப்பட்டால் யாரிடம் முறையிடுவது? பொது விநியோகம் பற்றிய குறைகளுக்கு 1967 என்ற தொலைபேசி எண் உள்ளது. வேறு மாநில அட்டையில் அரிசி பெறுவது பற்றிய ஐயங்களுக்கு 14445 என்ற எண் உள்ளது. அடுத்தபடி தாலுகா சப்ளை ஆபீசர். அவருக்கு மேல் சட்டத்தின்படி மாவட்டத்துக்கொரு குறைதீர்ப்பு அலுவலர். அதற்கும் மேல் மாநில உணவு ஆணையம். உரிய தானியத்தை அரசு தரத் தவறினால் அதற்கு ஈடாகப் பணம் தர வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. முறையீட்டில் கடையின் எண், சென்ற நாள், நேரம், சொல்லப்பட்ட காரணம் ஆகிய நான்கையும் குறித்தால் விசாரணை எளிதாகும். “அடிக்கடி மறுக்கிறார்கள்” என்று பொதுவாக எழுதும் பத்து வரிகளை விட, “இந்த நாளில் இந்தக் கடையில் மறுத்தார்கள்” என்னும் ஒரு வரிக்கு வலிமை அதிகம்.

“மலையாளத்தில் எழுதத் தெரியாதே!” என்று தயங்குவோர்க்கு ஓர் ஆறுதல். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடங்களில் தமிழர் தம் மொழியிலேயே அரசு அலுவலகங்களுக்கு எழுதலாம். விடையையும் தமிழிலேயே பெற உரிமையுண்டு. மற்ற மாநிலங்களில் வாழும் நேயர்கள் அரசியலமைப்பின் 350ஆம் பிரிவை நினைவிற் கொள்ளலாம். ஒன்றியத்திலோ அந்த மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் ஒருவர் தம் குறையை முறையிடலாம் என்பது அதன் கருத்து. எட்டாம் அட்டவணையில் இடம்பெற்ற நம் மொழியில் எழுதியதற்காக ஒருவரது முறையீட்டைத் தள்ளிவிடல் ஆகாது.

மூன்றாவது வகையாகிய அறவுணவு, மேற்சொன்ன இரண்டும் கைக்கு வரும் வரையில் நம்மைத் தாங்குவது. தமிழ் மக்களுக்கு இது புதிதன்று. பசித்தோர்க்கு வற்றாத உணவளித்த அமுதசுரபியைக் கையில் ஏந்தியவள் மணிமேகலை. அவள் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றிய வரலாற்றை நம் காப்பியம் போற்றுகிறது. வள்ளலார் 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வடலூரில் தொடங்கிய சத்திய தருமச்சாலையில், அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. சாதியும் சமயமும் கேளாமல் அங்கு அன்னம் இடப்படுகிறது. தமிழ்நாட்டுத் திருக்கோயில்களில் அரசின் அன்னதானத் திட்டம் 2002ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது. வடநாட்டில் வாழும் நேயர்கள் சீக்கியர்களின் குருத்வாராவை அறிந்திருப்பீர்கள். அங்கு லங்கர் என்னும் பொதுப் பந்தியில் எவரும் தலையை மூடிக்கொண்டு தரையில் அமர்ந்து உண்ணலாம், பெயர் கேட்பாரில்லை.

கேரளத்தில் விலை குறைந்த உணவுக்கு ஜனகீய ஹோட்டல்கள் உண்டு. குடும்பஸ்ரீ மகளிர் 2020ஆம் ஆண்டில் 20 ரூபாய்ச் சாப்பாட்டுடன் இவற்றை நடத்தத் தொடங்கினர். 2023ஆம் ஆண்டில் அரசின் மானியம் நிறுத்தப்பட்ட பின் விலை 30 ரூபாய் ஆயிற்று. பெங்களூரில் வாழ்வோர்க்கு 2017ஆம் ஆண்டில் தொடங்கிய இந்திரா உணவகங்கள் உள்ளன. இவை இலவசம் அல்ல. எனினும் தனித்து வாழும் தொழிலாளிக்குப் பேருதவி. முதுமையாலோ நோயாலோ சமைக்கவே இயலாதவர்கள் பஞ்சாயத்து உறுப்பினரை அணுக வேண்டும். மிகக் கொடிய வறுமையில் உள்ள 64,006 குடும்பங்களைக் கேரள அரசு கணக்கெடுத்த பொழுது, சமைத்த உணவை வீட்டிற்கே அனுப்புவதும் அவர்களுக்கான உதவிகளுள் ஒன்றாக இருந்தது. கொடிய வறுமை நீங்கிய மாநிலம் என்று 2025ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் அம்மாநிலம் தன்னை அறிவித்துக் கொண்டது. ஆயினும் கணக்கெடுத்த பின் வந்து சேர்ந்த ஏழையைக் கணக்கு அறியாது; அவரே, அல்லது அவருக்காக அயலார், சென்று சொன்னால்தான் பஞ்சாயத்தின் செவிக்கு எட்டும்.

கொடையைக் குறைத்துச் சொல்வது நமது நோக்கமன்று. ஆனால் கொடை, கொடுப்பவர் உள்ள நாளில் மட்டும் உண்டு. திருவிழா முடிந்தால் பந்தியும் முடிந்துவிடும். உரிமையோ மாதந்தோறும் வருவது. ஒரு வேளைச் சோற்றுக்கு அறச்சாலையை நாடுவோம். ஆண்டு முழுவதும் அடுப்பெரிய அங்கன்வாடியையும் பள்ளியையும் அட்டையையும் நாடுவோம். இந்த வரிசையை மறவாதிருத்தல் வேண்டும்.

தொடக்கத்தில் கண்ட குடும்பத்துக்குத் திரும்புவோம். அந்தத் தாய் இளைய குழந்தையை அங்கன்வாடியில் பதிவு செய்கிறாள். மூத்த பிள்ளை பள்ளிக்குச் செல்கிறான். பகலில் இரு குழந்தைகளுக்கும் உணவு உறுதியாயிற்று. பெட்டியின் அடியிலிருந்த அட்டையை எடுத்துப் பார்க்கிறார்கள். பி.எச்.எச். என்றிருந்தால் நான்கு பேருக்கு மாதம் 20 கிலோ தானியம் வேலந்தாவளத்திலேயே கிடைக்கும். “என்” என்று தொடங்கினால் அரிசிக்கு வேறு வழி தேட வேண்டியதுதான். ஆயினும் குழந்தைகளின் உணவுக்கு அதனால் குறைவில்லை. முதல் நாளிலேயே இதனை அறிந்திருந்தால், கடன் சுமை எவ்வளவு குறைந்திருக்கும்!

ஆதலின், எழுத்தறிந்த நேயர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவிலோ, தோட்டத்திலோ, தொழிற்கூடத்திலோ புதிதாக ஒரு தமிழ்க் குடும்பம் வந்து இறங்கினால், அவர்களது அட்டையை வாங்கி அதிலுள்ள எழுத்தைப் படித்துச் சொல்லுங்கள். அங்கன்வாடி எந்தப் பக்கம் என்று வழி காட்டுங்கள். முதல் முறை ரேஷன் கடைக்குச் செல்லும் பொழுது உடன் சென்று நில்லுங்கள். அரை நாள் வேலையே இது. அந்தக் குடும்பத்துக்கோ, அன்று முதல் ஒவ்வொரு மாதமும் அடுப்பில் உலை ஏறும்.